ஒரு கிலோ இறுக்கம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
25.3.1994

மச்சானுக்கு,

ஸலாம். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பஸ் அரை மணி நேரம்கூட ஓடுவதில்லை. ஆனாலும் போனவள் சேர்ந்தாளா என்று கேட்க ஆள் அனுப்பாத புருஷனுக்கு நானேதான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் வந்தேன் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர் போல இருந்துவிடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். புதன்கிழமை கிட்டங்கியில் நீங்கள் நம் விமானத்தின் இறக்கையைத் தாங்குகிற குழாய்க்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் இறக்கைத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தேன். பட்டென்று ஒரு சத்தம். போல்ட் இரண்டு துண்டு. நான் பதறிப்போய் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "போல்ட்டு சொத்தை, புள்ள" என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்து, அதே ஸ்பேனரால், அதே வேகத்தில் முடுக்கினீர்கள். அது உடையவில்லை. உடையாததெல்லாம் நல்ல போல்ட் என்று ஆகிவிட்டது உங்களுக்கு.

மச்சான், அந்த விமானத்தில் உட்காரப்போவது நீங்கள் இல்லை. என் தம்பி கபீர். பெங்களூரில் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, நாம் மூன்று வருஷமாகப் பழைய பஞ்சுக் கிட்டங்கியில் கட்டிக்கொண்டிருப்பது எப்போது முடியும் என்று மாதம் தவறாமல் கேட்டு எழுதுகிறவன். ஏப்ரலில் லீவு போட்டு வந்து, சேத்தூர்க் கண்மாயில் தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்கிறான். மேலே போன பிறகு ஒரு போல்ட் சொத்தை என்று தெரிந்தால் அவன் எங்கே இறங்கி நின்று மாற்றுவான்?

இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பாவத்துக்கு, விமானம் கட்டுகிற அந்த அமெரிக்கப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக உங்களுக்குத் தமிழில் சொன்னவள் நான். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறது. இறுக்கத்தை அளந்து முடுக்க டார்க் ரெஞ்ச் வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் வந்தபோது நீங்கள் டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

புத்தகத்தை எடுத்து வந்துவிட்டேன். என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. டார்க் ரெஞ்ச் வாங்குகிற வரைக்கும் அது அங்கே வராது. நானும்தான்.

மெகராஜ்


ராஜபாளையம்
29.3.94

மெகராஜுக்கு,

ஸலாம். நீ போய்ச் சேர்ந்ததை கண்டக்டர் சங்கிலிப்பாண்டியிடம் கேட்டு அன்றைக்கே தெரிந்துகொண்டேன். விசாரிக்கவில்லை என்று இனி எழுதாதே.

மில்லில் நான் பதினெட்டு வருஷமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நான் முடுக்கிய நட்டு ஒன்றாவது கழன்று விழுந்தது என்று எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன். பெருநாளன்று உன் அத்தா எல்லார் முன்னாலும் என்ன கேட்டார்? "பஞ்சு மில்லு ஃபிட்டரு கட்டுன பிளேன்ல எம் மவன் ஏறணுமாக்கும்?" நானும் அன்றைக்கே சொல்லிவிட்டேன், அந்த வீட்டு வாசலில் இனிக் கால் வைப்பதில்லை என்று. புத்தகத்தை நீ அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டால் நான் எப்படி வந்து எடுப்பேன்? தெரிந்துதான் செய்திருக்கிறாய்.

நீ போன பிறகு உடைந்த போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய விரிசல் ஒன்றும் இல்லை. உடைந்த இடம் முழுக்கப் பளிச்சென்று இருக்கிறது. சொத்தை இல்லை, நல்ல போல்ட்தான். இதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

மில் போல்ட் என் கட்டைவிரல் தடிமன். இது பென்சில் தடிமன். சரி, அளந்துதான் பார்ப்போமே என்று லாரி பட்டறை தனுஷ்கோடியிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கி வந்தேன். முழங்கை நீளம். இருப்பதிலேயே சின்ன அளவில் வைத்து இழுத்தேன். அந்த அளவு வருவதற்குள்ளேயே போல்ட் போய்விட்டது. அந்த ரெஞ்சின் கணக்கு தொடங்கும் முன்பே நம் போல்ட்டின் ஆயுசு முடிந்துவிடுகிறது. நமக்கு வேண்டியது சின்னது.

மதுரையில் ஒரு கடையில் இரண்டு தினுசு இருக்கிறதாம். ஒன்று புத்தம் புதுசு. கைப்பிடியைத் திருகி அளவை வைத்துக்கொண்டு இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் போடும். இன்னொன்று பழையது, யாரோ வைத்திருந்து விற்றது. ஒரு கம்பி, ஒரு முள், எண் போட்ட ஒரு தகடு. இழுக்க இழுக்கக் கம்பி வளையும், முள் எண்ணைக் காட்டும். எனக்குக் கிளிக்தான் பிடித்திருக்கிறது. நம் போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுது.

இறக்கைத் துணி பாதித் தையலில் அப்படியே இருக்கிறது. நான் தொடவில்லை.

சாகுல் ஹமீது


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.1994

மச்சானுக்கு,

ஸலாம். மீசை இருக்கட்டும். அதுவும் போய்விட்டால் நீங்கள் கோபமாக இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

புத்தகத்தில் போட்டிருப்பது அமெரிக்கக் கணக்கு, அங்குலத்திலும் பவுண்டிலும். உட்கார்ந்து மாற்றிப் பார்த்தேன். ஒரு அடி நீளக் கைப்பிடி, அதன் நுனியில் ஒரு கிலோ கல்லைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவுதான் சின்ன போல்ட்டுக்கு. இறக்கையைத் தாங்குகிற பெரிய போல்ட்டுக்கு இரண்டு கிலோ, மிஞ்சிப்போனால் இரண்டரை. அவ்வளவுதான் மச்சான்! நான் வாசித்துவிட்டு, தப்பாக மாற்றிவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அத்தா கடையில் பருப்பு நிறுக்கிற ஒரு கிலோ கல்லைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூக்கி விளையாடுகிறது. பஞ்சுப் பொதியைத் தனியாளாகப் புரட்டுகிற உங்கள் கைக்கு ஒரு கிலோ எங்கே தெரியப்போகிறது?

என்னைக் கேட்டால் முள் வைத்ததை வாங்குங்கள். அதற்குள்ளே கெட்டுப்போக ஒன்றும் இல்லை. கிளிக் ரெஞ்சுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது, வேலை முடிந்ததும் அதைத் தளர்த்தி வைக்க வேண்டும், அவ்வப்போது சரிபார்க்க அனுப்ப வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. ராஜபாளையத்தில் எங்கே அனுப்புவீர்கள்? முள் பூஜ்யத்தில் நின்றால் சரி, நிற்காவிட்டால் சரியில்லை. சந்தேகம் வந்தால் கல்லைத் தொங்கவிட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அத்தா பெருநாளன்று பேசியது தப்புத்தான். அவரிடமே சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. இந்த இரண்டு ஊரிலும் சேர்த்து நான் சண்டை போடாத ஒரே ஆண் கபீர்தான், அவனும் பெங்களூரில் இருப்பதால்.

துணியைத் தொட வேண்டாம். உங்கள் தையல் எனக்குத் தெரியும்.

மெகராஜ்


ராஜபாளையம்
16.4.94

மெகராஜுக்கு,

ஸலாம். வாங்கிவிட்டேன். கிளிக்.

கோபப்படாமல் கேள். இறக்கை உடம்போடு சேர்கிற மூலையில் கைதான் நுழையும், தலை நுழையாது. அங்கே முள் என்ன காட்டுகிறது என்று யார் எட்டிப் பார்ப்பது? சத்தம் என்றால் தலை வெளியே இருந்தாலும் காதுக்குக் கேட்கும். யோசித்துத்தான் வாங்கினேன். நீ சொன்ன அளவைத்தான் வைத்தேன். ராத்திரி ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் பெட்டிக்குள் வைக்கிறேன்.

எவ்வளவு நல்ல சாமான் தெரியுமா? கையில் எடுத்தாலே மரியாதை வருகிறது. இடது இறக்கை முழுக்க முடித்துவிட்டேன். ஒவ்வொரு போல்ட்டாக அளவு வைத்து இழுத்து, கிளிக் என்று கேட்டதும், மில் வழக்கப்படி மொதலாளி இழுப்பு ஒன்று போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். உனக்குச் சொல்லியிருக்கிறேனே, நட்டு இறுகின பிறகு கடைசியாக ஒரு இழுப்பு. மூன்று ஷிப்டும் மிஷின் நிற்காமல் ஓடினால்தானே மொதலாளிக்கு லாபம், அதற்காக அவர் பங்குக்கு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அப்புறம் அந்த நட்டு ஜென்மத்துக்கும் கழலாது.

உன் பேச்சைக் கேட்டு டார்க் ரெஞ்சும் வாங்கியாயிற்று, புத்தகம் சொன்னபடி முடுக்கியும் ஆயிற்று. இனி என்ன குறை? புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்.

சாகுல் ஹமீது


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.4.1994

மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் கபீர். தபாலில் போட்டால் நாளை ஆகும். அதுவரை என்னால் பொறுக்க முடியாது.

நேற்றுத்தான் பெங்களூரிலிருந்து வந்தான். உங்கள் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ரெஞ்ச் வாங்கியது கேட்டு ஒரே சந்தோஷம். மொதலாளி இழுப்பு என்ற இடம் வந்ததும் தின்றுகொண்டிருந்த பால்கோவாவைக் கீழே வைத்துவிட்டான். "அக்கா, அந்த வரிய இன்னொரு தடவ வாசி" என்றான். வாசித்தேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கும் விளங்கியது.

கிளிக் என்றால் இதோடு நிறுத்து என்று அர்த்தம், மச்சான். அந்த அளவு முடிந்த இடத்தில் உங்கள் இழுப்பு ஆரம்பிக்கிறது. அது எவ்வளவு என்று ரெஞ்சுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மில் போல்ட் உங்கள் கட்டைவிரல் தடிமன் என்று எழுதினீர்களே, அது உங்கள் மொதலாளி இழுப்பைத் தாங்கும். பென்சில் எப்படித் தாங்கும்?

கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன். ரெஞ்சே இல்லாமல் முடுக்கியிருந்தால் நமக்கு ஒரு சந்தேகமாவது இருந்திருக்கும். இப்போது அளந்து முடுக்கினோம் என்ற நிம்மதியோடு அவனை மேலே அனுப்பி வைத்திருப்போம். நானும் நிம்மதியாகக் கையசைத்திருப்பேன்.

இடது இறக்கையில் நீங்கள் போட்ட அத்தனை போல்ட்டையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு புது போல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கபீர் கூட இருக்கட்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரியே ஆகட்டும் என்றுதான் துஆ செய்துகொண்டிருக்கிறேன்.

மெகராஜ்


ராஜபாளையம்
21.4.94

மெகராஜ்,

நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

கபீரும் நானும் நேற்று முழுக்கக் கழற்றினோம். வெள்ளை வேட்டியை விரித்து வரிசையாக வைத்தோம். முக்கால்வாசி நன்றாகத்தான் இருந்தன. சிலது புதுசைவிட மயிரிழை நீளமாகியிருந்தன. திருகு மரைக்குப் பக்கத்தில் கழுத்து மெலிந்திருந்தது. விரலால் நட்டைத் திருகிப் பார்த்தால் அந்த இடத்தில் போய் நின்றுகொண்டது. இறக்கைக் குழாயின் கீழ்ப்பக்கத்து போல்ட்டைத் தளர்த்த ஸ்பேனரை வைத்து மெல்ல அசைத்தேன். தலை தனியாகக் கையில் வந்துவிட்டது.

முழு இறக்கையையும் தாங்குகிற போல்ட் அது. கபீர் அந்தத் தலையை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "வாங்க மச்சான், டீ குடிச்சிட்டு வருவோம்" என்றான்.

திரும்பி வந்து, இனி அந்த இழுப்பு கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு மரக்கட்டையில் பழைய போல்ட்டைப் போட்டுப் பழகிப் பார்த்தேன். கிளிக் என்றது. நான் நினைப்பதற்குள் கை இழுத்துவிட்டது. மறுபடி. மறுபடியும் அப்படியே. கபீர் சிரித்தே விட்டான். "மச்சான், ஒங்க கைக்கு காது கேக்கல" என்றான். ரெஞ்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை, மெகராஜ். நிதானமான ஒருவன் கையில் அது நல்ல ரெஞ்ச்தான். என் கைக்கு அது ஆகாது.

இன்று காலை மதுரைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். விற்றபோது இருந்த சிரிப்பு மாற்றிக் கொடுத்தபோது கடைக்காரரிடம் இல்லை. முள் வைத்ததுதான், நீ சொன்னது. முள் ஏறுவது கண்ணுக்குத் தெரிவதால் வெளியே உள்ள போல்ட்டுகளுக்கு என் கை தானாக மெதுவாகிறது. அதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

ஆனால் மூலை போல்ட்டுகள் இருக்கின்றனவே, அங்கே இழுக்கிறவனுக்கு முள் தெரியாது. எதிர்ப்பக்கம் இன்னொருவர் படுத்துக்கொண்டு முள்ளைப் பார்த்து, நிறுத்தச் சொல்ல வேண்டும். கபீர் தான் செய்வதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவன் என் மேல் உள்ள மரியாதையில் மெல்லச் சொல்வான். நீ ஒரு சத்தம் போட்டால்தான் என் கை நிற்கும். இது உனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

வா, புள்ள.

சாகுல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.4.1994

அன்புள்ள மச்சானுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தலை உங்கள் கையில் வந்ததே, அது போதும். கண்மாய்க்கு மேலே வந்திருந்தால்? அதை நினைக்காதீர்கள். நானும் நினைக்கவில்லை. இரண்டு நாளாக நினைத்து முடித்துவிட்டேன்.

வருகிறேன். வராமல் என்ன? ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வாங்கியது பழைய ரெஞ்ச். அது காட்டுகிற எண் சரிதானா என்று பார்க்க வேண்டும். அரசாங்க முத்திரை போட்ட எடைக்கல் அத்தா கடையில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ரெஞ்சைக் கொண்டு வாருங்கள். மேசையில் இறுக்கி வைத்துக் கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்துவிடலாம்.

உங்கள் சபதத்துக்கும் ஒன்றும் ஆகாது. நீங்கள் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னது வீட்டு வாசலில். கடை பஜாரில் இருக்கிறது. கடையிலிருந்து அப்படியே பஸ் ஏறிவிடுவோம்.

அத்தாவிடம் நடந்ததை நானே சொன்னேன். நீங்கள் கழற்றிப் பார்த்தீர்கள் என்பதையும் சொன்னேன். "தப்பு செஞ்சிட்டு கழட்டிப் பாக்குறவன் எம்புட்டு பேரு இருக்கான்?" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கிலோ கல்லை எடுத்துத் துடைத்து வைத்தார்.

மெகராஜ்


சேத்தூர்க் கண்மாய்க்கரை
8.5.94

மெகராஜுக்கு,

இதைக் கபீர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவன் கொண்டுவந்து கொடுத்தால் விஷயம் உனக்கு வாசிக்காமலே தெரிந்துவிடும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் என் நெஞ்சு அடங்காது.

நீ முந்தாநாள் கிளம்பும்போது எனக்கு வருத்தம்தான். பத்து நாளாக என்கூட மூலைக்கு மூலை படுத்து எழுந்து முடுக்கிவிட்டு, பறக்கிற அன்றைக்குப் பார்க்க முடியாது என்று அம்மா வீட்டுக்குப் போய்விட்டாயே என்று. இன்று காலையில் புரிந்துகொண்டேன். நானும் பார்க்கவில்லை.

உண்மையாகத்தான். காற்று எழும் முன்னே கபீர் ஏறி உட்கார்ந்தான். பறக்க அனுமதி தந்து டெல்லியிலிருந்து வந்த காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டான். எல்லாப் போல்ட்டையும் நான் ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். "நட்டையெல்லாம் தடவிக்கிட்டே இருந்தா எப்பப் போறது மச்சான்?" என்றான். விமானம் ஓட ஆரம்பித்ததும் என் கண் மேலே போகவே இல்லை. தரையில் அதன் நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடியது. திடீரென்று சக்கரத்தை விட்டுப் பிரிந்தது. அப்புறம் கருவேல மரங்களைத் தாண்டிப் போய்விட்டது. சத்தம் மட்டும் கேட்டது. உன் அத்தா என் பக்கத்தில் நின்றார். நான் கூப்பிடவில்லை, அவராகவே முதல் பஸ்ஸில் வந்திருந்தார். "திரும்புதான்" என்றார். "வருதான்" என்றார். "இறங்குதான் மாப்பிள்ள, நிமிந்து பாரும்" என்றார். அப்போதும் நிமிரவில்லை. நிழல் திரும்பி வந்து சக்கரத்தோடு சேர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

விமானம் நின்றதும் நான் கபீரிடம் போகவில்லை. உன் அத்தா கடைக் கல்லில் நாம் சரிபார்த்த ரெஞ்சை எடுத்துக்கொண்டு இறக்கைக்குத்தான் போனேன். உன் இடத்தில் உன் அத்தா படுத்து முள்ளைப் பார்த்தார். ஒரு போல்ட்கூட அசையவில்லை. அதற்குப் பிறகுதான் போய்க் கபீரைக் கட்டிக்கொண்டேன். அழுதேன். அவனும் மாமாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சாகுல்


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.5.1994

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இன்னும் பாதிதான் வாசித்திருக்கிறேன். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிகிறது. மீதியை அப்புறம் வாசித்துக்கொள்கிறேன்.

காலையிலிருந்து நான் என்ன செய்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டிருக்கிறேன். அம்மாவிடம், கபீர் விமானத்தைத் தள்ளிக்கொடுக்கத்தான் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருந்தேன். தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். யாரோ வந்து ஏதோ சொல்லப்போகிறார்கள் என்றே இருந்தது. அப்போது அவன் வந்தான். தலையெல்லாம் புழுதி. கையில் உங்கள் கடிதம். "அக்கா, பசிக்கி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்த உப்புச் சோற்றை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தான். படுத்த உடனே தூங்கிவிட்டான். சின்ன வயதில் தூங்குவானே, வாயைத் திறந்துகொண்டு, அதே மாதிரி.

மச்சான், மூன்று வருஷமாக உங்கள் கைமேல் எனக்கு எவ்வளவு நம்பிக்கையோ அவ்வளவு பயமும் இருந்தது. இரண்டையும் வெளியே சொல்லாமல் சண்டையாகவே போட்டுக்கொண்டிருந்தேன். இன்று பயம் போய்விட்டது. மற்றது இருக்கிறது. நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன், நம் வீட்டுக்கு.

இதை எழுதிக்கொண்டே பாய்க்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஒரு தடவை அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, எதுக்கு அழுவுத?" என்றார்கள்.

"தம்பி தூங்குதாம்மா" என்றேன்.

மெகராஜ்